தபாலில் ஹார்மனி படித்த பையன்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒரு வருஷமாகத்தான் பியானோ கற்கிறாள். இசையமைக்க வேண்டும் என்கிறாள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்டும் தாமதமாகத் தொடங்கியவர் என்று படித்தேன். ஆன்லைனில் ஹார்மனி (பல சுரங்களை ஒன்றாக இசைய வைக்கும் முறை) படித்தால் போதுமா?

பதில்: போதாது அம்மா. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆசிரியரைத் தேடுங்கள்.

கோப்லண்ட் 1900-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், கடைக்காரர் வீட்டுக் கடைக்குட்டி. மூத்த பிள்ளைகளின் இசைப் படிப்புக்குச் செலவழித்தே பெற்றோருக்கு அலுத்துவிட்டது. அதனால் முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் அக்கா லாரின்தான். 1913-ல் பியானோ ஆசிரியர் லியோபோல்ட் வொல்ஃப்சோனைத் தானே தேடிப் பிடித்துச் சேர்ந்தார். பிறகு தபால் வழியில் ஹார்மனி படித்துப் பார்த்தார். பற்றவில்லை. 1917-ல் இசையமைப்பு ஆசிரியர் ரூபின் கோல்ட்மார்க்கிடம் போய் நாலு வருஷம் படித்தார்.

தபாலில் ஏன் பற்றாது? நான்கு குரல்களுக்கு (கீழிருந்து மேலாக பேஸ், டெனார், ஆல்டோ, சோப்ரானோ) எழுதும் பயிற்சியையே பாருங்கள். சி மேஜர் (சி, ஈ, ஜி) சுரக்கூட்டிலிருந்து டி மைனர் (டி, எஃப், ஏ) சுரக்கூட்டுக்குப் போகும்போது பேஸ் சி-யிலிருந்து டி-க்கும், டெனார் ஜி-யிலிருந்து ஏ-க்கும் சேர்ந்து ஏறினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குரலாகக் கேட்கும். பேஸ் ஏறும்போது டெனாரை எஃப்-க்கும், ஆல்டோவை சி-யிலிருந்து ஏ-க்கும், சோப்ரானோவை ஈ-யிலிருந்து டி-க்கும் இறக்கினால் நான்கும் தனித்தனியாகக் கேட்கும். தப்பைச் சிவப்பில் காட்ட செயலி போதும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டி, காதைத் திருத்த ஆள் வேண்டும். வீட்டில் தினமும் நாலு பார் (தாளக் கட்டம்) எழுதட்டும். ஒரு குரலைத் தான் பாடி, மற்ற மூன்றை வாசிக்கட்டும். பாட வராத குரல்தான் பெரும்பாலும் சரியாக எழுதப்படாத குரல்.

1921-ல் பிரான்ஸின் ஃபோன்டன்ப்ளோவில் அமெரிக்கர்களுக்கென்று தொடங்கிய இசைப் பள்ளிக்குப் போன கோப்லண்ட், அங்கேதான் இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயைக் கண்டார். ஒரு வருஷம் படிக்க நினைத்துப் பிரான்ஸ் போனவர், பாரிஸில் அவரிடம் மூன்று வருஷம் தங்கிவிட்டார். அவரிடம் ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாளை, பியானோவில் படித்து வாசிக்க வேண்டும். அது சுலபமல்ல: பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு சி என்று எழுதியிருந்தால் ஒலிப்பது பி ஃபிளாட், அதை மனசிலேயே மாற்றி வாசிக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம், ஹார்மனி கைக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கோல்ட்மார்க்குக்குப் புதுப்பாணி இசை பிடிக்காது. பூனை, எலி பற்றி 1920-ல் கோப்லண்ட் எழுதிய சிறு பியானோ இசைத் துண்டை மதிப்பிடத் தன்னிடம் அளவுகோலே இல்லை என்று சொல்லிவிட்டார். கோப்லண்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆசிரியருக்காகப் பழைய பாணியில் ஒரு சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) எழுதி முடித்தார். அந்தப் பூனைத் துண்டை 1921-ல் பாரிஸின் டுரான் பதிப்பகம் வெளியிட்டது. உங்கள் மகளுக்கும் இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள்: ஒன்று ஆசிரியர் திருத்த, இன்னொன்று அவளுக்கே.