கோலில் எட்டாத குழந்தை

கேள்வி: ஆப்பிரிக்காவில் மலாவி ஏரிக்கரைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வருடம் ஒருமுறை பிள்ளைகளுக்கு பில்ஹார்சியா என்ற புழு நோய்க்கு மாத்திரை கொடுக்கிறோம். கொஞ்ச நாளில் அதே பிள்ளைகளுக்கு மறுபடியும் சிறுநீரில் ரத்தம். மாத்திரை சரியில்லையா டாக்டர்?

பதில்: மாத்திரை நல்ல மாத்திரைதான் அம்மா. பிராசிகுவாண்டல் என்ற அந்த மாத்திரை வளர்ந்த புழுக்களைக் கொல்லும். உடம்புக்குள் புகுந்து சில வாரங்களே ஆன இளம்புழுக்கள் தப்பிவிடும். அப்புறம், மறுநாளே பிள்ளை ஏரியில் இறங்கினால் புதுப் புழு தோல் வழியாக உள்ளே போய்விடும். ஒருமுறை விழுங்கினால் ஆயுசுக்கும் காப்பு என்பது கிடையாது.

நானும் இப்படி ஒரு ஏரிக்கரை முகாமில் மாத்திரை கொடுத்தவன். தராசு கிடையாது, உயரம் பார்க்கும் கோல்தான். தலை எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அதற்கேற்ற மாத்திரை. முதல் கோடு 94 செ.மீ. அக்காவோடு வந்த ஒரு குட்டிப் பெண் குதிகாலைத் தூக்கி நின்றும் எட்டவில்லை. திருப்பி அனுப்பினோம். அன்று மாலை அவளைத் துணி துவைக்கும் துறையில் பார்த்தேன், அம்மா பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தக் குழந்தையும், துவைக்கிற அம்மாவும், மீன்பிடிக்கிற அப்பாவும் விடுபட்டால் புழு ஊரை விட்டுப் போகாது. அவர்கள் சிறுநீரில் போகும் புழு முட்டை தண்ணீரில் பொரிந்து, அதிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் நுழைகிறது. சில வாரம் கழித்து ஒரே நத்தையிலிருந்து, தோலில் புகும் புழுக்குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வருகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2022-இல், நோய் 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஊர்களில் 2 வயது முதல் எல்லோருக்கும் மாத்திரை தரச் சொன்னது. சின்னக் குழந்தைகளுக்கென்றே தண்ணீரில் கரையும் மாத்திரையும் வந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு அது எப்போது வரும் என்று சுகாதார நிலையத்தில் விடாமல் கேளுங்கள்.

மாத்திரைக்கு முன் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றுவலியும் தலைசுற்றலும் அதிகமாகும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வரிசைக்கே வராது. மாத்திரையை மென்று தின்ன விடாதீர்கள், கசப்பு தாங்காது.

ஏரித் தண்ணீரை நத்தை வராமல் மொண்டு, மூடி, இரண்டு முழு நாள் வைத்தால் அதிலுள்ள புழுக்குஞ்சுகள் செத்துவிடும். குளிக்க அது போதும். குடிக்கக் கொதிக்க வைக்க வேண்டும். கழிப்பறை இல்லாத வீடுகள் எவை என்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பட்டியலை சுகாதாரப் பணியாளரிடம் கொடுங்கள். மாத்திரை போட்டு ஒரு மாதம் கழித்தும் ரத்தம் போகிற பிள்ளையை, அடுத்த முகாம்வரை காத்திருக்காமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.