நகல் முதலில், அசல் பிறகு

கேள்வி: 1990களின் கடைசியில் உலகம் முழுக்க ஓடிய ஆங்கில பாப் பாட்டுகளை இப்போது திரும்பக் கேட்டால் என்ன தோன்றுகிறது? எவை இன்னும் நிற்கின்றன?

நான் யாங்கோன்காரன். எனக்கு இந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்த வழி கோணல், அதனால் பதிலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

1998 மழைக்காலம். அனோரதா சாலையில் (என் அப்பா கடைசி வரை அதை பிரேசர் ஸ்ட்ரீட் என்றுதான் சொன்னார்) காளி கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. அங்கேதான் ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ பாட்டை முதன்முதலில் கேட்டேன். பர்மிய மொழியில். ஒரு பெண் குரல், முன்னால் அந்த ஊதுகுழல், பிரிவைப் பற்றிய வரிகள். அது பர்மியப் பாட்டு என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. பிறகு வீடியோ கொட்டகையில் டைட்டானிக் படமும் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. காரணம், பாட்டு படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது வருகிறது. கொட்டகைக்காரர் அடுத்த காட்சிக்கு ஆள் ஏற்ற வேண்டிய அவசரத்தில் கப்பல் முழுகியதும் டெக்கை நிறுத்திவிட்டார். இன்னும் சில மாதம் கழித்து, டிஷ் வைத்திருந்த ஒரு வீட்டில் செலின் டியோன் பாடுவதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: “பரவாயில்லையே, நம்ம பாட்டை இங்கிலீஷ்ல பாடியிருக்காங்களே!”

அந்த வருடங்களில் எங்களுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. 1996 டிசம்பரில் மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள். பெரும்பாலானவை 2000-இல்தான் திறந்தன. பத்தாவது தேறிய கையோடு நான் வீட்டில் உட்கார்ந்தேன். பகலில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதுவது, சாயங்காலம் டீக்கடை. ஒரு கோப்பை டீ வாங்கினால் போதும், மேசை மேல் இருக்கும் பிளாஸ்கில் வெறும் தேயிலைத் தண்ணீர் ஓசி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்களுக்கு பில்போர்டு (அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசை) கிடையாது, இணையம் கிடையாது. டீக்கடை டேப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு பாட்டு வருகிறதோ அதுதான் தரவரிசை.

அதில் பாதிக்கு மேல் காப்பி தச்சின். தச்சின் என்றால் பர்மிய மொழியில் பாட்டு. காப்பி என்பது காப்பிதான். வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்து, வாத்தியத்தையும் அப்படியே வாசித்து, பர்மிய வரிகள் போட்டுப் பாடுவது. இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. சொந்தமாக மெட்டுப் போட்டால்தான் ‘சொந்த மெட்டு’ என்று தனியாகச் சொல்லிக்கொள்வார்கள். சட்டமும் குறுக்கே வரவில்லை. நாட்டில் இருந்தது 1914-ஆம் வருடத்து பிரிட்டிஷ் காலப் பதிப்புரிமைச் சட்டம். புதுச் சட்டம் 2019-இல்தான் வந்தது. அதுவரை வெளிநாட்டு மெட்டுக்கு யாரும் காசு கேட்டு வரவில்லை.

திருட்டுதானே என்று கேட்கலாம். சட்டப்படி என்னவோ, அதில் ஒரு வேலைப்பாடு இருந்தது. பர்மிய மொழியில் ஒரே அசையைத் தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். மெட்டு மேலே போகும் இடத்தில் தாழ்ந்த சொல்லை வைத்தால் காதில் இடிக்கும். மெட்டும் நிற்க வேண்டும், மொழியும் நிற்க வேண்டும். கூடவே, வரிகள் தணிக்கை அலுவலகத்தைத் தாண்ட வேண்டும். அந்த முன்தணிக்கை ஒழிந்தது 2012-இல். இத்தனை வேலிக்குள் ஒருவர் உட்கார்ந்து நல்ல காதல் பாட்டு எழுதினார் என்றால் அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த வகையில் மிகப் பெரிய பாட்டு 90களுடையதும் அல்ல, காதல் பாட்டும் அல்ல. 1988-இல் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது நைங் மியன்மா எழுதிய ‘கபா மச்சே பூ’. உலகம் அழிந்தாலும் எங்கள் கணக்குத் தீராது என்கிற மாதிரிப் பொருள். மெட்டு, அமெரிக்காவின் கேன்சஸ் இசைக்குழு 1977-இல் போட்ட ‘டஸ்ட் இன் த விண்ட்’. மனித வாழ்க்கை காற்றில் பறக்கும் தூசி என்று சலித்துக்கொள்ளும் பாட்டு, இங்கே வந்து ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் பாடும் பாட்டாக மாறியது. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மறுபடியும் பாடினார்கள். எங்கள் வாலிபத்தில் அதைச் சத்தமாக முணுமுணுக்கக்கூட மாட்டோம். ஆனால் அசலை வாசிக்கலாமே, அது ஆங்கிலப் பாட்டுதானே! எங்கள் தெருவில் கிட்டார் வைத்திருந்த கரேன் இனப் பையன் அதன் ஆரம்பத்தை மட்டும் வாசிப்பான், வார்த்தை ஒன்றும் சொல்ல மாட்டான். எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சரி, ஹிட் பாட்டுகளுக்கு வருகிறேன். யாங்கோனில் இன்டர்நெட் கடைகள் வந்த பிறகு, நான் டீக்கடையில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அசல் எது என்று தேட ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் பர்மியப் பாட்டு, வலப்பக்கம் ஆங்கிலப் பாட்டு. வலப்பக்கம் எழுத எழுதத்தான் அங்கேயும் இதே கதை என்று தெரிந்தது.

1997-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பஃப் டாடியின் ‘ஐல் பி மிஸ்ஸிங் யூ’ 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. செத்துப்போன நண்பனுக்கு எழுதிய பாட்டு. மெட்டோ 1983-இல் த போலீஸ் குழு பாடிய ‘எவ்ரி பிரெத் யூ டேக்’. அடுத்து எல்டன் ஜான். 1973-இல் மர்லின் மன்றோவை நினைத்துப் பாடிய ‘கேண்டில் இன் த விண்ட்’ பாட்டுக்கு, பெர்னி டாபினிடம் புது வரிகள் வாங்கி, டயானாவின் இறுதிச் சடங்கில் பாடினார். அது 14 வாரம் முதலிடம். மூன்று கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய மெட்டு, புது வரிகள். எங்கள் டீக்கடையில் இதற்கு என்ன பெயர் என்று மேலே சொல்லிவிட்டேன்.

‘டோர்ன்’ கதை இன்னும் வேடிக்கை. நட்டாலி இம்ப்ரூக்லியா 1997-இல் பாடியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதை எட்னாஸ்வாப் என்ற அமெரிக்கக் குழுவினர் ஏற்கெனவே பாடிப் பதிவு செய்திருந்தார்கள். அதற்கும் முன்னால், 1993-இல், டென்மார்க்கில் ஒரு பாடகி டேனிஷ் மொழியில் பாடி வெளியிட்டுவிட்டார். அதாவது உலகம் ‘டோர்ன்’ பாட்டை முதலில் கேட்டதே வேற்று மொழியில்தான், நான் டைட்டானிக் பாட்டைக் கேட்ட மாதிரி. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட திருப்தியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

அந்தக் காலத் தரவரிசைகளை வைத்து ‘எது பெரிய ஹிட்’ என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு சேதி. 1998 டிசம்பர் வரை, கடையில் தனி சிங்கிளாக விற்கும் பாட்டுக்குத்தான் பில்போர்டு ஹாட் 100-இல் இடம். ஆல்பத்தையே வாங்கட்டும் என்று கம்பெனிகள் சிங்கிளை வெளியிடாமல் வைத்துக்கொண்டன. அதனால் கூ கூ டால்ஸின் ‘ஐரிஸ்’ வானொலி வரிசையில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தும் முக்கியப் பட்டியலில் அதன் பெயரே இல்லாமல் கிடந்தது. விதி மாறுவதற்குள் அலை வடிந்துவிட்டது. நோ டவுட்டின் ‘டோண்ட் ஸ்பீக்’, ‘டோர்ன்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இதைவிட எங்கள் டீக்கடைக் கணக்கு நேர்மையானது.

டீக்கடை என்றதும் ஷெர் என்ற பாடகியின் ‘பிலீவ்’ ஞாபகம் வருகிறது. அதில் குரல் நடுவில் உடைந்து, இயந்திரம் மாதிரி வளையும். ஆட்டோடியூன் என்ற மென்பொருளை வேண்டுமென்றே மிகையாக முடுக்கிச் செய்த வேலை. அதை உருவாக்கியவர், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் அதிர்வுக் கணக்கிலிருந்து இசைக்கு வந்த பொறியாளர். இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? கேசட் முதல்முறை ஓடியபோது கடைக்கார ஊலே (பர்மிய மொழியில் மாமா) ஓடிவந்து டேப்பை நிறுத்தினார். நாடா நைந்துவிட்டது என்று நினைத்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அதே இடத்தில் குரல் வளைந்தது. கேசட் விற்றவனை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தார்.

வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவின் ‘ஐ வாண்ட் இட் தட் வே’ பாட்டின் வரிகளை அகராதி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். பாடுகிறவர் ஏதோ ஒன்று அந்த விதமாக வேண்டும் என்கிறார், உடனே அந்த விதமாக வேண்டாம் என்கிறார். எந்த விதம்? என் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாட்டிலேயே பொருள் கிடையாது. எழுதியவர்களில் ஒருவர் மேக்ஸ் மார்ட்டின், ஸ்வீடன்காரர், மெட்டும் ஓசையும்தான் அவருக்கு முதலில். பொருள் வருகிற மாதிரி வேறு வரிகள் போட்டுக்கூடப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். சரிப்படவில்லை என்று பழையதற்கே திரும்பிவிட்டார்கள். பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் பாட்டும் அவருடையதுதான். ‘ஹிட் மீ’ என்றால் ‘எனக்கு போன் பண்ணு’ என்று அர்த்தம் என நினைத்து எழுதினாராம். டைட்டானிக் பாட்டும் அப்படித்தான் பிறந்தது. ஜேம்ஸ் ஹார்னர் படத்துக்காக மெட்டை வைத்திருந்தார், வில் ஜென்னிங்ஸ் பிறகு வந்து வரி எழுதினார்.

தமிழர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மெட்டுக்குப் பாட்டு எழுதுவது நம் சினிமாவில் அன்றாட வேலை. சினிமா மெட்டில் சாமி பாட்டுப் பாடுவது பஜனை மடங்களில் அதைவிட அன்றாடம்.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 1999-இல் எங்கள் கோயில் பஜனைக் குழுவுக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்றார்கள். கோயிலில் சாயங்கால வகுப்பில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு நான் டைட்டானிக் மெட்டில் முருகன் பாட்டு ஒன்று எழுதினேன். எங்கே இருந்தாலும் நீ என் பக்கத்தில்தான் என்கிற கருத்து, அதை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. பஜனை நடத்திய பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “உருக்கமா இருக்கு தம்பி, என்ன ராகம்?” என்றார். நான் வாய்க்கு வந்த ஒரு ராகத்தைச் சொல்லி வைத்தேன். திருவிழா அன்று பாடிக்கொண்டிருக்கும்போது, பூ வாங்கிக்கொண்டு சாமி கும்பிட வந்த இரண்டு பர்மியப் பெண்கள் நின்று கேட்டார்கள், சிரித்தார்கள், அப்புறம் அவர்கள் மொழி வரிகளைப் போட்டு மெதுவாகக் கூடவே பாடினார்கள். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எது நிற்கிறது என்று கேட்டீர்கள். என் காதுக்கு ‘டோர்ன்’ நிற்கிறது, யார் பாடினாலும் நிற்கிறது. ‘டோண்ட் ஸ்பீக்’ நிற்கிறது. ‘பிலீவ்’ குரலை இன்று எல்லோரும் செய்துவிட்டார்கள், ஆனாலும் அந்த அம்மாள் 52 வயதில் பாடிய தெம்பு யாரிடமும் இல்லை. ‘பார்பி கேர்ள்’, ‘மக்கரேனா’ இரண்டையும் கல்யாண வீட்டில் குழந்தைகளுக்கு விட்டுவிடலாம். எல்டன் ஜானின் பாட்டு அத்தனை கோடி விற்றும் இன்று எங்கேயும் கேட்பதில்லை. துக்கத்துக்கு எழுதிய வரிகள் அந்தத் துக்கத்தோடே போய்விட்டன, மர்லின் மன்றோ வரிகள்தான் மிச்சம்.

‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் கட்சிக்காரன். அந்த முருகன் பாட்டை போன பங்குனி உத்திரத்துக்கும் பாடினார்கள். பாடிய பிள்ளைகளுக்கு அது யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று எதுவும் தெரியாது. ஊதுகுழல் வரவேண்டிய இடத்தில் வாத்தியம் இல்லாததால் அங்கே எல்லோரும் “அரோகரா” போடுகிறார்கள்.