பயாஸில் கை வைக்கும் முன்: பெங்களூர் அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

எஸ்.பி. ரோட்டில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். கணினியைப் போட்டதும் முதலில் ஓடி, பாகங்களைச் சரிபார்த்து விண்டோஸை எழுப்பும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். அது குறித்து இந்நகரத் தமிழன்பர்கள் கேட்டவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: எதை மாற்றுவதாக இருந்தாலும், மாற்றுவதற்கு முன் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'பயாஸ் கெட்டுவிட்டது' என்று என்னிடம் வந்த கணினிகளில் பலவற்றில் எதுவும் கெட்டிருக்கவில்லை. எதை மாற்றினோம் என்பதுதான் உரியவருக்கு மறந்துபோயிருந்தது.

அல்சூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, என் பழைய மேசைக் கணினியைக் காலையில் போட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடுகிறது. வங்கியின் இணையதளமும் திறப்பதில்லை. வைரஸாக இருக்குமோ?

வைரஸ் இல்லை ஐயா. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சி.ஆர். 2032 என்றொரு பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்ற அதன் அளவே அதன் பெயராக நின்றுவிட்டது. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காத்து வைப்பதும் அதுவே. வங்கித் தளம் திறக்காததற்கும் தேதிதான் காரணம். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் என இரண்டு உண்டு; உங்கள் கணினியோ அந்தத் தொடக்க நாளுக்கும் முந்தைய ஏதோ ஓர் ஆண்டில் நின்றுகொண்டிருப்பதால், சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தடுத்துவிடுகிறது.

பேட்டரியை மாற்றினால் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். ஓரத்திலுள்ள சிறு கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பி வரும். என்னிடம் வந்த ஒன்று மல்ட்டிமீட்டரில் 2.3 வோல்ட்தான் காட்டியது; புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். கூட்டல் குறி மேலே தெரியுமாறு புதியதைப் பொருத்தி, பயாஸில் தேதியைத் திருத்தி, பூட் ஆர்டரையும் (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை) ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கம்மனஹள்ளி, கல்லூரி மாணவி: பயாஸுக்குள் போக எஃப்2 விசையை எத்தனை முறை தட்டினாலும் நேராக விண்டோஸுக்கே போய்விடுகிறது, சார்.

முதலில் விசை சரிதானா என்று பாருங்கள்: டெல், ஏசர் மடிக்கணினிகளில் பெரும்பாலும் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1, அசெம்பிள் செய்த கணினிகளில் பொதுவாக டெலீட். விசை சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்றால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூ.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் (யூ.இ.எஃப்.ஐ. என்பது பயாஸின் இன்றைய வடிவம்) என்ற வரிசையில் போனால் அதுவே உங்களை உள்ளே கொண்டுபோய் விடும்.

முருகேஷ்பாளையா வாசகர்: 3200 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ராம் வாங்கினேன். டாஸ்க் மேனேஜரோ 2133 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவரைத் திட்டுவதற்கு முன் பயாஸைத் திறந்து பாருங்கள். ராமிலுள்ள சிறு சிப்பில் அதன் வேகங்கள் பதிந்திருக்கும். மதர்போர்டு முதலில் பாதுகாப்பான குறைந்த வேகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்.எம்.பி. என்றோ, ஏ.எம்.டி. போர்டு சிலவற்றில் டி.ஓ.சி.பி. என்றோ பயாஸில் உள்ள ராம் வேக அமைப்பை இயக்கினால் அச்சிட்ட வேகம் வரும், உங்கள் பிராசசரும் போர்டும் அந்த வேகத்துக்கு இடம் கொடுத்தால். இரண்டு ராம் குச்சிகளை நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் போடுவதானால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதே பெரும்பாலான போர்டுகளில் வழக்கம். அருகருகே செருகிவிட்டு வேகம் போதவில்லை என்று வருந்துபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு, மென்பொருள் பணியாளர்: கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட மறுக்கிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசர்.

அதற்குப் பிராசசரின் ஒரு வசதி பயாஸில் இயங்க வேண்டும். இன்டெல்லில் வி.டி.-எக்ஸ் எனப்படும் அது ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். மோடு என்ற பெயரில் இருக்கும், இயக்கிவிடுங்கள். அது அலுவலக மடிக்கணினியாக இருந்து, பயாஸுக்குக் கடவுச்சொல்லும் போட்டிருந்தால், உங்கள் ஐ.டி. பிரிவைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஜீவன்பீமா நகர், இல்லத்தரசி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 போடுவதற்காக மகன் பயாஸில் டி.பி.எம்., செக்யூர் பூட் ஆகியவற்றை ஏதோ மாற்றினான். இப்போது நீலத் திரை வந்து ஒரு நீளமான எண்ணைக் கேட்கிறது. படங்கள் எல்லாம் போய்விட்டனவா?

போகவில்லை அம்மா, பூட்டப்பட்டிருக்கின்றன. அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம். அந்தப் பூட்டின் சாவியை டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதி வைத்திருக்கிறது; கணினி தொடங்கும் விதம் மாறிவிட்டதாகத் தெரிந்தால் அது சாவியைத் தர மறுத்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. மகன் மாற்றியதைப் பழையபடி வைத்தால் பல நேரங்களில் கேள்வியே மறைந்துவிடும். இல்லையென்றால், அந்தக் கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து, அங்கே அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது கிடைக்கும்வரை 'கிளியர் டி.பி.எம்.' என்ற பக்கம் போகவே வேண்டாம். இனி பயாஸில் எதைத் தொடுவதானாலும், முன்னதாக விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: புதிய மடிக்கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவப் போனால் டிஸ்க்கே இல்லை என்கிறது. ஆனால் பயாஸில் எஸ்.எஸ்.டி. தெரிகிறது.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த மடிக்கணினிகள் பலவற்றில், எஸ்.எஸ்.டி.யை நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற ஏற்பாடு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியிடம் இல்லாததால் எஸ்.எஸ்.டி. அதன் கண்ணில் படுவதில்லை. தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, நிறுவும் திரையிலேயே லோட் டிரைவர் கொடுப்பது ஒரு வழி. பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடுவது மற்றொன்று. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவும்போது மட்டுமே நான் இரண்டாவது வழியைச் சொல்வேன். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அணைத்தால், பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் பதறி ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். அமைப்பைப் பழையபடி மாற்றினாலே விண்டோஸ் எழுந்து வந்துவிடும்.

கே.ஆர். மார்க்கெட், மளிகைக் கடைக்காரர்: பில் போடும் கணினிக்கு பயாஸ் அப்டேட் அவசியமா? மே மாத மழைக்கு மின்சாரம் அடிக்கடி போகிறது, அண்ணாச்சி. போய் வந்தவுடன் கணினி தானாக எழ வழி உண்டா?

நன்றாக ஓடும் கணினிக்கு 'புதிது வந்திருக்கிறது' என்பதற்காக மட்டும் அப்டேட் தேவையில்லை. பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டிருந்தாலோ, புதிய பிராசசர் போடுவதாக இருந்தாலோ செய்யலாம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் சில, மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைந்தது 2024-இல் தெரியவந்தது. அதற்கான திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது என்பதால், அவற்றை வைத்திருப்போர் தள்ளிப்போடக் கூடாது. அப்டேட்டை யு.பி.எஸ். இணைப்பில், மழை இல்லாத காலைப் பொழுதில் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாமலே போகலாம்.

இரண்டாவது கேள்விக்கு: பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'ரீஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ்' என்றோ, அதை ஒட்டிய பெயரிலோ ஓர் அமைப்பு இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று வைத்தால் மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழும். ஆனால் உங்கள் பகுதியில் மின்சாரம் வந்த நிமிடமே மீண்டும் போவது வழக்கம் என்றால், அதை அணைத்தே வைத்து, கடைப் பையனையே பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.