மின்சாரம் போய் வந்தால் பிரிண்டர் காணாமல் போவது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழுக்கு ஒரு கணினி, மலையாளத்துக்கு ஒரு கணினி, பில் போட ஒரு லேப்டாப். மூன்றுக்கும் பொதுவாக ஒரே லேசர் பிரிண்டர். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து இணைத்திருக்கிறோம். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் பழைய ரவுட்டர் போய்விட்டது. புதியது மாட்டியதிலிருந்து, மின்சாரம் போய் வரும் சில நாட்களில் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று வருகிறது. யுஎஸ்பி கேபிள் போட்டால் அச்சாகிறது. மெக்கானிக் வந்து பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டால் சரியாகிறது. ஒரு வாரத்தில் பழையபடி. வேறு பிரிண்டர் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். யுஎஸ்பியில் அச்சாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டோனர், டிரம், மையைச் சூட்டில் பதிக்கும் ஃபியூசர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு பிரிண்டரிலும் இல்லை, டிரைவரிலும் இல்லை. பிரிண்டரின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. நேற்று உங்கள் பிரிண்டருக்கு 192.168.1.5 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கணினிகளும் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அச்சிட வேண்டியதை அங்கேயே அனுப்புகின்றன. மின்சாரம் போய் வருகிறது. ரவுட்டர் பழைய கணக்கை மறந்து, முதலில் கேட்டவருக்கு முதலில் என்று மீண்டும் எண் கொடுக்கத் தொடங்குகிறது. உங்கள் கைப்பேசிக்கு 5 போய்விடுகிறது. சூடேறி மெதுவாக எழுந்து வரும் பிரிண்டருக்கு 7 கிடைக்கிறது. கணினிகளுக்கு இது தெரியாது. 5-க்கே அனுப்பிப் பார்த்து, பதில் வராமல் 'ஆஃப்லைன்' என்கின்றன. எண் தற்செயலாகப் பழையபடியே அமைந்த நாளில் பிரச்சினையே வராது. 'சில நாட்களில்' மட்டும் வருவதன் காரணம் இதுதான்.

டிரைவரை மறுபடி போட்டால் சரியாவதும் இதனால்தான். புதிதாகப் போடும்போது கணினி பிரிண்டரைத் தேடி அன்றைய எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. கணினியில் பிரிண்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் பிரிண்டரின் பெயருடன் 'காப்பி 1', 'காப்பி 2' என்று வரிசையாக இருந்தால், ஒவ்வொரு முறையும் நீங்கள் கூலி கொடுத்தது அந்த எண் மாற்றத்துக்குத்தான். மெக்கானிக் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. இது பரவலாக நடக்கும் தவறு. ஆனால் நாள் முழுக்கக் கடையில் நிற்கும் உங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பப் பணம் இழப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த முறை கோளாறு வரும்போது எதையும் அணைக்காமல், பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடுங்கள். அதில் ஐபி முகவரி இருக்கும். பிறகு கணினியில் 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'போர்ட்ஸ்' பக்கத்தில், டிக் போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். இரண்டு எண்களும் வேறாக இருந்தால் நான் சொன்னது உறுதி. தாளில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் விஷயம் வேறு: ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு எண்ணே கிடைக்கவில்லை. அப்போது பிரிண்டரின் பின்புறம், கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். இடியில் அந்த நெட்வொர்க் சாக்கெட் மட்டும் கருகிப்போவதுண்டு. அப்போதும் யுஎஸ்பி நன்றாகவே வேலை செய்யும். உங்களுடையது இடையிடையே ஓடுவதால் சாக்கெட் பிழைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தீர்வு, அந்த எண்ணை மாறாமல் கட்டிவைப்பது. அதே தாளில் மேக் முகவரி என்று பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று இருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அதைக் கொடுத்து, 192.168.1.50 போல ஓர் எண்ணை ஒதுக்குங்கள். பிரிண்டரிலேயே எண்ணை நிலையாக எழுதிவிடவும் முடியும். ஆனால் நாளை இன்னொரு ரவுட்டர் மாற்றி, அது 192.168.0 என்ற வரிசையில் எண் கொடுத்தால் பிரிண்டர் தனித்து நின்றுவிடும். ஆகவே ரவுட்டரில் ஒதுக்குவதையே நான் சொல்வேன்.

பிரிண்டரை அணைத்துப் போட்டு, புது எண் வந்துவிட்டதா என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கணினிகளிலும் அதே 'போர்ட்ஸ்' பக்கத்தில் 'ஆட் போர்ட்' கொடுத்து, 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' தேர்ந்து, அந்த எண்ணை அடியுங்கள். டிரைவரைத் தொட வேண்டியதில்லை. அச்சு வந்த பிறகு மற்ற 'காப்பி'களை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் கடையில் உதவிக்கு இருப்பவர் அவசரத்தில் தவறான பெயருக்கு அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். எண் சரியாக இருந்தும் 'ஆஃப்லைன்' காட்டினால், 'கான்ஃபிகர் போர்ட்' பகுதியில் பிரிண்டரின் நிலையைக் கேட்டுப் பார்க்கும் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ரவுட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பிரிண்டரை அதில் மாட்டிவிடாதீர்கள். ஃபியூசர் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. இடி தொடங்கும் முன்பே பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். பலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. இணையம் நின்றால் லேப்டாப்பைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைப்பீர்கள் அல்லவா? அந்த நேரம் லேப்டாப் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறது. அதிலிருந்து அச்சு வராது. மறுபடி கடையின் வைஃபைக்கு மாற்றினால் வரிசையில் நின்றவை தானாக வந்துவிடும். வரவில்லை என்று பொத்தானை ஐந்தாறு முறை அழுத்தியிருந்தால், அத்தனை பிரதியும் சேர்ந்து வரும்.