முதுகு பருத்தால் குத்து பலமாகுமா?

கேள்வி: குத்துச்சண்டை பழகுகிறேன். முதுகுத் தசையைப் பெரிதாக்கினால் பலன் உண்டா சார்?

பதில்: பலம் ஏற்றுங்கள் தம்பி, பருமனுக்கு அவசரப்படாதீர்கள். குத்தின் விசை காலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, முதுகைத் தாண்டித்தான் கைக்கு வருகிறது. வீசிய கையைச் சட்டென்று முகத்துக்கு இழுப்பதும் முதுகுதான். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்னிடம் பழகிய பையன் ஒருவன், 3ஆவது சுற்று வந்தாலே ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து) போட்ட கையை இடுப்புக்குத் தொங்கவிடுவான். தாடையில் வாங்காத அடியில்லை! வாரம் 2 நாள் புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), டம்பெல் ரோயிங் (குனிந்து எடையை இடுப்புப் பக்கம் இழுப்பது) என்று முதுகுக்குப் பயிற்சி கொடுத்தேன். சில மாதத்தில் கை கன்னத்தருகே நின்றது. பருமன் வேறு கதை. கண்ணாடியில் அழகுதான், ஆனால் 60 கிலோ எடைப் பிரிவின் விளிம்பில் இருப்பவர் 2 கிலோ சதை போட்டால், மேல் பிரிவுக்காரரின் குத்தையல்லவா வாங்க வேண்டும்?