பெயர் வேண்டாம் என்று கேட்டவர்

அன்புள்ள ஐயா,

நான் சாலைப் பணியில் இருக்கும் உதவிப் பொறியாளன். வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு கூட்டத்தில், 2003-இல் சுட்டுக் கொல்லப்பட்ட நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபேயைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். மறுநாள் அலுவலகத்தில் அதைச் சொன்னபோது மூத்த பொறியாளர் ஒருவர், "அது வழிப்பறிக் கொலை தம்பி. நீதிமன்றமே சொல்லி முடித்துவிட்டது. ஊழலை எதிர்த்துச் செத்தார் என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் கட்டியது" என்றார். தேடிப் படித்தேன். தீர்ப்பு அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் அவரை எதற்காக நினைவில் வைத்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பொறுப்பில் இருக்கும் சாலையில் ஜல்லி அடுக்கின் கனம் குறைகிறது. நானே அளந்து பார்த்தேன். எம்.புக்கில், அதாவது பில்லுக்கு அடிப்படையான அளவுப் பதிவேட்டில், முழு அளவை எழுதச் சொல்கிறார்கள். மேலிடத்துக்கு எழுதலாமா? திருமணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

ஊர், சாலை, ஒப்பந்ததாரர் குறித்த வரிகளை எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை மேலே கொடுத்திருக்கிறேன். உங்கள் மூத்தவர் சொன்னதில் பிழை இல்லை. 2010 மார்ச்சில் பாட்னாவில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொள்ளையடிக்க வந்தவர்கள் சுட்டார்கள் என்பதே வழக்கு. துபேயின் குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அவர் ஏறிவந்த ரிக்‌ஷாவை ஓட்டியவர் விசாரணைக்குப் பிறகு காணாமல் போனார். விசாரிக்கப்பட்ட வேறு இருவர் விஷம் குடித்து இறந்துபோனார்கள். இவற்றை வைத்து நான் ஒரு சதியைக் கட்டப்போவதில்லை. தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டே பேசுகிறேன்.

அன்று நடந்தது இது. 2003 நவம்பர் 27. காசியில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிய துபே, விடியற்காலை மூன்று மணி வாக்கில் கயாவில் இறங்கினார். நம் ஊர்க்காரர்கள் பிண்டம் போடப் போவார்களே, அதே கயா. வரவேண்டிய கார் பேட்டரி கோளாறால் கிளம்பவில்லை. ரிக்‌ஷாவில் ஏறினார். வீடு போய்ச் சேரவில்லை. தேடிப்போன ஓட்டுநர் சாலையோரத்தில் உடலைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 30.

அந்த ஒரு இரவைப் பற்றியே இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசிவிட்டோம். அதற்கு முந்தைய பதினாறு மாதங்களைப் பற்றி மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம். எனக்கு அந்த மாதங்கள்தான் முக்கியம்.

பீகாரில் சிவான் பக்கத்தில் ஷாபூர் என்ற கிராமம். அப்பா சர்க்கரை ஆலையில் எழுத்தர். ஐந்து பெண்கள், இரண்டு பையன்கள். பதினைந்து வயதில் அலகாபாத்துக்குப் படிக்கப் போய், அங்கிருந்து கான்பூர் ஐஐடியில் சிவில் முடித்தவர் துபே. கூடப் படித்தவர்களில் பலர் வெளிநாடு போயிருப்பார்கள். இவர் பொறியியல் பணித் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தார். 2002 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் சேர்ந்து கோடர்மாவுக்குப் போனார். மைக்கா வெட்டியெடுத்த காட்டு நாடு அது. அவருக்குக் கிடைத்தது தங்க நாற்கரச் சாலையில் அவுரங்காபாத் முதல் பாராசட்டி வரையிலான பகுதி. மகாராஷ்டிரத்து அவுரங்காபாத் வேறு, இது பீகாரில் இருப்பது. ஷேர்ஷாவின் பழைய ராஜபாட்டைதான் அங்கே நான்கு வழியாகிக்கொண்டிருந்தது. டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் சாலை. நாம் சென்னையிலிருந்து வேலூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகிறோமே, அதே சாலையின் வேறொரு துண்டு.

அங்கே அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். தரமில்லாமல் போடப்பட்ட 6 கிலோமீட்டரைப் பெயர்த்துத் திரும்பப் போட வைத்தார். ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று பேரைப் பணியிடை நீக்கம் செய்ய வைத்தார். ஆறு கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டோம். போட்ட சாலையை உடைத்து அள்ளுவதற்கு ஆகும் செலவு, நின்றுபோகும் பில், மேலே இருந்து வரும் தொலைபேசி அழைப்புகள், சாப்பாட்டு நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொள்ளும் சக ஊழியர்கள்! நம் காலத்தில் ஒரு அரசு ஊழியர் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாகவே இதைச் சொல்வேன். அவர் எப்படி இறந்திருந்தாலும் இது குறையாது.

2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய்க்கு அவர் கடிதம் எழுதினார். முக்கியமாகச் சொன்னது இரண்டு விஷயங்கள். வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதையே பெரிய ஒப்பந்ததாரர்கள் தங்கள் கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. வாங்கிய வேலையைத் திறமையில்லாத சின்ன ஒப்பந்ததாரர்களுக்குப் பிரித்து விற்றுவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைச் சாதாரண வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிக்கிறேன். மேலே இருப்பவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு கீழே தள்ளுகிறார். அவர் இன்னொருவருக்குத் தள்ளுகிறார். கடைசியில் ரோலரோடு நிற்பவன் கையில் வரும் பணத்தில் வரைபடத்தில் இருக்கும் சாலையைப் போடவே முடியாது. அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பான். ஜல்லியின் கனம், மண்ணை இறுக்கும்போது ஊற்ற வேண்டிய தண்ணீர், ரோலர் போய்வர வேண்டிய தடவைகள். மேலே கறுப்பாகத் தார்க்கலவை வந்துவிட்டால் எல்லாச் சாலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் அடியில் இருப்பது பேசும். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு பொறியாளர் குனிந்து குழி தோண்டுவது. தோண்டியதை எடைபோட்டு, குழியில் மணலை ஊற்றி, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது. ஒரு பேரரசின் சாலை அந்தச் சாண் அகலக் குழியை நம்பித்தான் இருக்கிறது.

கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. மொட்டைக் கடிதம் என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாதே என்பதற்காகத் தன் விவரங்களைத் தனித் தாளில் எழுதி உடன் வைத்தார். தன் பெயரை ரகசியமாக வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தாளும் கடிதத்தோடு சேர்ந்தே பிரதமர் அலுவலகத்திலிருந்து அமைச்சகத்துக்குப் போனது. மேசை மேசையாகப் பெயர் நகர்ந்தது. மறைத்துவை என்று கேட்டவனின் பெயரை மறைக்க ஒரு கத்தரிக்கோல் போதும். அந்த வேலையைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். சுட்டவன் அவர் கையிலிருந்த பெட்டிக்காகத்தான் சுட்டான் என்றே வைத்துக்கொள்வோம். துபே அன்று பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த அலுவலகங்கள் அவருக்குச் செய்தது துரோகம்தான். அவரை நம்பவைத்து, பிறகு யார் யாருக்கு எதிராக எழுதினாரோ அவர்கள் நடமாடும் தாழ்வாரங்களில் அவர் பெயரை உலவவிட்டார்கள். கொலை வழக்கில் வந்த தீர்ப்பு இதைத் தொடவே இல்லை.

அவர் இறந்த பிறகு நாடு கொதித்தது. இப்படிப் புகார் தருபவர்களைக் காக்க என்ன ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 2004-இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. புகார் தருபவரின் பெயரை மறைத்து வைக்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு வந்தது. பிறகு 2014-இல் தகவல் வெளியிடுவோரைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கொடுத்த அந்தச் சட்டம், இதை எழுதும்வரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எனக்கு இதை எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

இனி உங்கள் விஷயம். அந்த 2004 தீர்மானம் மத்திய அரசு ஊழியர்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் எதிரான புகார்களுக்குத்தான் பொருந்தும். நீங்கள் மாநில அரசுப் பணியில் இருந்தால் அந்தக் குடை உங்களுக்கு இல்லை. இது தெரியாமல் கடிதம் எழுதி உறையை ஒட்டிவிடாதீர்கள். தனியாக எழுதவே எழுதாதீர்கள் என்பேன். இதை நான் சொல்வது கோழைத்தனம் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

ஆனால் எம்.புக்கில் பொய் எழுதாதீர்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இல்லாமல் பில் நகராது. அளந்ததை அளந்தபடி எழுதுங்கள், தேதி போடுங்கள், குழி தோண்டிய இடத்தின் கிலோமீட்டர் கல்லையும் குறியுங்கள். ஒப்பந்ததாரரின் ஆளை வைத்துக்கொண்டே அளந்து அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். முழு அளவு எழுதச் சொல்பவரிடம் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள்.

என் அப்பாவும் அளந்து கையெழுத்துப் போடும் வேலையில் இருந்தவர். ஒரு கையெழுத்துக்காக எங்கள் வீட்டுச் சாமான்கள் மூன்று முறை லாரியில் ஏறின. மூன்றாவது முறை அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே இது செலவில்லாத காரியம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவருக்கும் சேர்த்துத்தான் மாற்றல் உத்தரவு வரும். சங்கத்தில் நம்பக்கூடிய ஒருவரையாவது கண்டுபிடியுங்கள்.

உங்கள் மின்னஞ்சலை நகல் இல்லாமல் அழித்துவிட்டேன். அடுத்த முறை அளக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள்.

அன்புடன்.