மிஷிகன் ஏன் தோற்றது: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்

2022 டிசம்பர் 31 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அரையிறுதியில் (ஃபியஸ்டா பௌல் என்று பெயர்) டிசியு, அதாவது டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், 51; மிஷிகன் பல்கலைக்கழகம் 45. அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி மாளாது என்பதால் எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள்வோம். நான் டிசியு இருக்கும் ஃபோர்ட் வொர்த்தில் இருபது வருஷமாகக் குடியிருப்பவன், டிசியு ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் வைத்திருப்பவன். சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆட்ட உத்தி, விதிமுறை, டிசியு பழங்கதை எதுவும் கேட்கலாம். பந்தயம் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

சேலம் வாசகர்: சார், எனக்கு இது ஹெல்மெட் போட்ட ரக்பி. இதில் என்ன இவ்வளவு பெரிய அதிர்ச்சி?

சுருக்கமாகச் சொல்கிறேன். எதிராளியின் கடைசிக் கோட்டுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச்டவுன், உதையோடு ஏழு புள்ளி. பத்து யார்டு நகர நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். இனி அதிர்ச்சி. மிஷிகன் 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்து, தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் வந்த அணி. அவர்கள் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். டிசியு அதற்கு முந்தைய வருஷம் 5 வெற்றி, 7 தோல்வி. 2022 சீசன் தொடங்கும்முன் பத்திரிகைக்காரர்கள் பிக் 12 பிரிவின் பத்து அணிகளில் இவர்களை ஏழாவதாக வைத்தார்கள். புதுப் பயிற்சியாளர் சன்னி டைக்ஸ் வந்த முதல் வருஷமே இது. பிக் 12-லிருந்து எந்த அணியும் அதுவரை ப்ளேஆஃபில் (முதல் நான்கு அணிகள் கோப்பைக்கு மோதும் சுற்று) ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அதனால்தான் இந்தக் கூத்து.

பெயர் வேண்டாம்: டிசியு மோதப்போகும் ஃபைனலில் ஜார்ஜியா மேல் பணம் போடலாமா?

முதல் பத்தியை மறுபடி படியுங்கள்.

ஆன் ஆர்பர் (மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்) பழைய மாணவர்: அண்ணா, மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். எங்கள் ரோமன் வில்சன் பிடித்தது டச்டவுன்தானே? களத்தில் டச்டவுன் என்று கை தூக்கியாகிவிட்டது. அதை எந்த ஆதாரத்தில் திருப்பினார்கள்? எங்கள் ஆட்டத்தைத் திருடிவிட்டார்கள்.

தம்பி, உன் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. நாங்கள் ஆட்டம் பார்த்தது ஒரு நண்பர் வீட்டுப் புத்தாண்டு விருந்தில். அங்கேயும் உன்னைப் போல ஒரு மிஷிகன்காரர் இருந்தார். மஞ்சள் சட்டை, கையில் ஆறிப்போன பஜ்ஜித் தட்டு. அந்தத் தீர்ப்பு திரும்பியதும் தட்டை கேரேஜ் ஃப்ரீசர் மேல் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். கால் மணி நேரம் உள்ளே வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் குவார்டர், 51 யார்டு பாஸ். வில்சன் பிடித்து விழுந்தபோது களத்தில் டச்டவுன் கொடுத்தார்கள். ரீப்ளேயில், உடம்பு தரையைத் தொட்டபோது பந்து கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது என்று மாற்றினார்கள். விதி என்ன சொல்கிறது? மறுக்கவே முடியாத காட்சி ஆதாரம் இருந்தால்தான் களத்தில் கொடுத்ததை மாற்றலாம். நான் அந்தக் காட்சியைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்துவிட்டேன். என் கண்ணுக்கு அப்படி ஒரு ஆதாரம் தெரியவில்லை. களத்தீர்ப்பே நின்றிருக்க வேண்டும். டிசியு ஆள் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

ஆனால் தீர்ப்பு திரும்பியதால் பந்து உங்களிடமிருந்து போய்விடவில்லை. கோட்டுக்கு ஒரு யார்டுகூட இல்லாத இடம், முதல் டவுன், நான்கு வாய்ப்பு. அடுத்த வாய்ப்பிலேயே கேலல் மல்லிங்ஸுக்குக் கொடுத்த பந்து கை நழுவி, கோட்டுக்கு அப்பால் எண்ட் ஸோனில் விழுந்தது. டிசியு பாய்ந்து எடுத்துக்கொண்டது. அதை ரெஃப்ரீ செய்யவில்லை.

ஹூஸ்டன் அக்கா: மேக்ஸ் டகனைப் பற்றி எழுதுங்கள். என் பையன் அவன் படத்தை ரூமில் ஒட்டி வைத்திருக்கிறான்.

மகிழ்ச்சியாக எழுதுகிறேன் அக்கா. டிசியு க்வார்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), ஐயோவா மாநிலம் கவுன்சில் பிளஃப்ஸ்காரப் பையன். 2020-இல் கோவிட் காலப் பரிசோதனையில் இதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு இருப்பது தெரிந்தது. மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை, பிறகு ரத்தக்கட்டு. எல்லாம் முடிந்து அதே சீசனில் ஆட வந்தான். 2022-இல் புதுப் பயிற்சியாளர் வந்ததும் தொடக்க க்வார்டர்பேக் இடத்தைச் சாண்ட்லர் மாரிஸிடம் இழந்தான். கோபித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தான். கொலராடோவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மாரிஸுக்கு முழங்கால் அடி. இறங்கினான். சீசன் முடிவில், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டெடுப்பில் கேலப் வில்லியம்ஸுக்கு அடுத்து இரண்டாவது.

டிசம்பர் 3 பிக் 12 ஃபைனலில் கன்சாஸ் ஸ்டேட்டுக்கு எதிராக அவன் ஓடி ஓடி, மூச்சு வாங்கி, மண்டியிட்டு எழுந்ததை உங்கள் பையன் பார்த்திருப்பான். அதில் 31-28 என்று ஓவர்டைமில் தோற்றோம். தோற்றது எங்கே தெரியுமா? கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால். நான்காவது டவுனில் எங்கள் கெண்ட்ரே மில்லரை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் ரெஃப்ரீயைத் திட்டவில்லை என்பதை ஆன் ஆர்பர் தம்பியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஃபியஸ்டா பௌலில் டகனின் எண்கள் பிரமாதம் இல்லை. 29-க்கு 14 பாஸ், 225 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்துக்கொண்ட பாஸ்). ஆனாலும் பாஸில் இரண்டு, ஓடி இரண்டு என்று நாலு டச்டவுன். பையனிடம் சொல்லுங்கள், படத்தை எடுக்க வேண்டாம்.

சான் ஹோசே, கிரிக்கெட் ரசிகர்: வில்சன் விஷயம் நம்ம டிஆர்எஸ்ஸில் வரும் அம்பயர்ஸ் கால் மாதிரிதானே? அப்படியென்றால் களத்தீர்ப்பு நிற்க வேண்டும்.

கிட்டத்தட்ட. ஆனால் கிரிக்கெட்டை வைத்து இதை அளக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அங்கே பந்து போகும் பாதையைக் கம்ப்யூட்டர் கணித்துக் கொடுக்கிறது, பாதிப் பந்து என்று ஒரு அளவு இருக்கிறது. இங்கே ஒரு மனிதர் ஒரு அறையில் உட்கார்ந்து "இது மறுக்க முடியாததா?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அளவுகோலே அவர் மனசுதான்.

ஆன் ஆர்பர் பழைய மாணவர்: பார்த்தீர்களா, நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அந்த ஏழு புள்ளி வந்திருந்தால் 52-51. நாங்கள் ஜெயித்திருப்போம்.

இந்தக் கணக்கைத்தான் ஜனவரி 1 காலையிலிருந்து எல்லோரும் அனுப்புகிறீர்கள். இரண்டாம் குவார்டரில் ஏழைச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு நடந்தது அத்தனையும் அப்படியே நடந்திருக்கும் என்று எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? மூன்றாம் குவார்டரில் மட்டும் இரண்டு அணியும் சேர்ந்து 44 புள்ளி எடுத்தன. ஸ்கோர் வேறாக இருந்தால் டைக்ஸ் வேறு மாதிரி ஆடியிருப்பார், மிஷிகன் பயிற்சியாளர் ஹார்பாவும்தான்.

சரி, கணக்கே போடுவோம். மிஷிகன் க்வார்டர்பேக் மெக்கார்த்தி எறிந்த இரண்டு பாஸை டிசியு பிடித்துத் திருப்பி ஓடி டச்டவுன் ஆக்கியது. பட் கிளார்க் 41 யார்டு, டீ விண்டர்ஸ் 29 யார்டு. 14 புள்ளி. ஆட்டத்தின் வித்தியாசம் 6. அடுத்து, மிஷிகனின் முதல் வாய்ப்பிலேயே டோனவன் எட்வர்ட்ஸ் 54 யார்டு ஓடினான். அங்கிருந்து கோட்டுக்கு 2 யார்டு வரை வந்தாயிற்று. நான்காவது டவுனில் என்ன செய்தார்கள்? சீசன் முழுக்க எதிராளியை முட்டித் தள்ளி ஜெயித்த அணி, அங்கே போய் வித்தை காட்டியது. பந்து கை மாறிக் கை மாறி, கடைசியில் பின்னாடிதான் போனது. பூஜ்யம். பிறகு மல்லிங்ஸ் பந்தை நழுவவிட்டது. அதுவும் பூஜ்யம். கோட்டுக்கு 2 யார்டுக்குள் இரண்டு தடவை போய் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

நியூ ஜெர்சி வக்கீல்: குறுக்கிடுகிறேன். ஆன் ஆர்பர்காரர் கேட்பது காரணம் அல்ல, நியாயம். தப்பான தீர்ப்பு தப்புதான். பிறகு அவர்கள் பந்தைத் தவறவிட்டது அந்தத் தப்பைச் சரியாக்காது.

இது நல்ல வாதம். முழுக்க ஏற்கிறேன். தீர்ப்பு தப்பு என்று நானும்தான் சொன்னேன். "திருடிவிட்டார்கள்" என்பதைத்தான் மறுக்கிறேன். திருட்டு என்றால் போனது திரும்பி வராது. இங்கே வீட்டு வாசலிலேயே பொருளை வைத்துவிட்டுப் போனார்கள், எடுத்து உள்ளே வைக்கத் தெரியவில்லை.

ஆன் ஆர்பர் பழைய மாணவர்: அப்போ எங்கள் கடைசி வாய்ப்பு? எங்கள் லவ்லேண்ட் தலையில் ஹெல்மெட்டால் இடித்தது டார்கெட்டிங் இல்லையா? அதுவும் வாசலில் வைத்ததா?

இதில் நீ பாதி சரி. நான்காவது டவுன், ஸ்னாப்பே (நடு ஆள் பந்தைப் பின்னால் கொடுப்பது) ஒழுங்காக வரவில்லை, மெக்கார்த்தி எப்படியோ பொறுக்கி எறிந்தான். லவ்லேண்டை டிசியு ஆள் இடித்தான். ரீப்ளே பார்த்துவிட்டு டார்கெட்டிங் இல்லை என்றார்கள். இந்த விதியில், ஒன்று ஹெல்மெட் உச்சியால் வேகமாக முட்டியிருக்க வேண்டும், அல்லது தற்காத்துக்கொள்ள முடியாத ஆளின் தலையிலோ கழுத்திலோ வேகமாக இடித்திருக்க வேண்டும்; எதுவானாலும் அதன் ஒவ்வொரு அம்சமும் ரீப்ளேயில் உறுதியாக வேண்டும். ஒரு அம்சம் உறுதியாகாவிட்டாலும் தண்டனை கிடையாது. வேறொரு ரெஃப்ரீ கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் 15 யார்டும் முதல் டவுனும் கிடைத்திருக்கும். அப்போதும் சில நொடிகளில் பாதி மைதானத்துக்கு மேல் கடக்க வேண்டும், கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஒரு டைம்அவுட்கூட இல்லை. வாய்ப்பு போனது உண்மை, வெற்றி போனது என்று சொல்ல முடியாது.

டெட்ராய்ட்: வில்சன் டச்டவுன் பற்றி உங்கள் கருத்து?

மேலே.

நோவி: ரெஃப்ரீக்கள் எந்த ஊர்க்காரர்கள்?

மேலே. ஊர் தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

பெங்களூரு, டேட்டா துறை: மிஷிகன் 528 யார்டு, டிசியு 488. அதிகம் எடுத்தவர்கள் எப்படித் தோற்கலாம்?

யார்டு என்பது மைல்கல், ஊர் இல்லை. போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. உங்கள் கேள்வியின் பின்னால் இருக்கும் விஷயம் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

டிசியு தடுப்புக்கு அந்த சீசனில் பொறுப்பு ஜோ கில்லெஸ்பி. டெக்சஸ் ஸ்டீஃபன்வில்லில் ஸ்கூல் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்து மேலே வந்தவர். அவர் வைத்தது 3-3-5. முன்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். மிஷிகன் மாதிரி ஐந்து மலைகளை முன்னால் நிறுத்தி ஓடும் அணிக்கு எதிராக மூன்று பேரை மட்டும் வைப்பது தற்கொலை என்று எல்லோரும் சொன்னார்கள். மிஷிகனின் முக்கிய ஓட்டக்காரன் ப்ளேக் கோரம் நவம்பரில் முழங்கால் அடிபட்டுப் போனது ஒரு உதவி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஐந்தாவது ஆளைக் கவனியுங்கள். பின்னால் மூன்று சேஃப்டிகள் (கடைசி வரிசைக் காவலர்கள்) நிற்கிறார்கள். ஸ்னாப் வரும்வரை எவன் முன்னால் பாய்வான், எவன் ஆழத்தில் நிற்பான் என்று க்வார்டர்பேக்குக்குத் தெரியாது. இருபது வயது நிரம்பாத மெக்கார்த்திக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்னாப்புக்குப் பிறகுதான் படம் மாறியது. 343 யார்டு எறிந்தான், நிஜமான திறமை. இரண்டே இரண்டு தடவை தவறாகப் படித்தான். இரண்டுமே டச்டவுனாகத் திரும்பி வந்தது. கில்லெஸ்பி யார்டுகளைக் கொடுத்துவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் வசூலித்துக்கொண்டார்.

டிசியு பக்கம் மில்லர் காயத்தோடு வெளியேறியும் எமரி டெமர்காடோ 150 யார்டு ஓடினான். க்வெண்டின் ஜான்ஸ்டன் 163 யார்டு. நாலாவது குவார்டரில் 41-38 என்று மிஷிகன் நெருங்கியதும், குட்டையாக ஒரு பாஸைப் பிடித்து 76 யார்டு ஓடினானே, அப்போதுதான் விருந்து வீட்டில் கேக்கை எல்லோரும் மறந்தார்கள்.

கோவை மாணவி: டிசியு அணியைக் கொம்புத் தவளைகள் என்கிறார்களே, அது ஏன் தவளை?

தவளையே இல்லை அம்மா. கொம்புத் தவளை என்று பெயர்தான், ஆள் பல்லி இனம். நம் ஊர் ஓணானைத் தட்டையாக்கி முள் வைத்த மாதிரி இருக்கும். எதிரி வந்தால் கண்ணிலிருந்து ரத்தத்தைப் பீய்ச்சும், நிஜமாகத்தான். டெக்சஸின் மாநில ஊர்வனவும் அதுதான்.

ஆஸ்டின்: 2014 நினைவிருக்கிறதா?

மறக்குமா? ப்ளேஆஃப் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தோம். கடைசி ஆட்டத்தில் ஐயோவா ஸ்டேட்டை 55-3 என்று அடித்தோம். மறுநாள் ஆறாவது இடம்! ஓஹையோ ஸ்டேட் விஸ்கான்சினை 59-0 என்று முடித்து நாலாவதாக நுழைந்தது, அலபாமாவை 42-35 என்று கவிழ்த்துக் கோப்பையையும் தூக்கியது. அதனால் தேர்வுக் குழு சொன்னது தப்பென்று வாதாடவும் வழியில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. நாங்கள் பீச் பௌலில் ஓல் மிஸ்ஸை 42-3 என்று அடித்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டோம்.

மதுரை: ஹார்பா நல்ல பயிற்சியாளரா?

நல்லவர். சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் இதோடு தொடர்ந்து ஆறாவது தோல்வி. இரண்டும் உண்மை.

திருச்சி, பொறியியல் நான்காம் ஆண்டு: அங்கிள், டிசியுவில் எம்எஸ் அட்மிஷன் கிடைக்குமா? விசா எப்படி?

தம்பி, பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடு. நான் டிக்கெட் வாங்கிப் பார்ப்பவன்.

பெயர் வேண்டாம்: ஜார்ஜியா எத்தனை புள்ளியில் ஜெயிக்கும்? சும்மா ஆர்வம்.

சும்மா ஆர்வத்துக்குப் புள்ளிக் கணக்கு தேவைப்படாது. உங்களுக்கு இனிமேல் பதில் கிடையாது.

சிகாகோ: பந்தயக்காரர் அல்ல. டிசியு ஜெயிக்க வழி உண்டா?

நேர்மையாகச் சொன்னால், குறுகலான வழி. அன்று ராத்திரி இன்னொரு அரையிறுதியான பீச் பௌலில் ஜார்ஜியா ஓஹையோ ஸ்டேட்டிடம் 14 புள்ளி பின்தங்கி நாலாவது குவார்டரில் நுழைந்து 42-41 என்று தப்பியது. ஓஹையோவின் கடைசி 50 யார்டு உதை, புத்தாண்டு பிறக்கும் நேரத்தில், இடப்பக்கம் வெகுதூரம் போனது. அதனால் ஜார்ஜியாவுக்கு எதிராக எறிந்து புள்ளி எடுக்கலாம் என்று தெரிகிறது. ஆனால் அவர்களுடைய க்வார்டர்பேக் ஸ்டெட்ஸன் பென்னட்டுக்கு 25 வயது, கோட்டுக்குப் பக்கத்தில் பதற மாட்டார். பாஸ் பிடிப்பதில் கெட்டிக்காரனான அவர்கள் ப்ராக் பவர்ஸை எங்கள் பின்வரிசை ஐந்தில் எவன் தடுப்பான் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மிஷிகன் வாசலில் வைத்துவிட்டுப் போனதையெல்லாம் ஜார்ஜியா வைக்காது. ஜார்ஜியாதான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். ஊதா சட்டை போட்டுக்கொண்டுதான் பார்ப்பேன்.

ஆன் ஆர்பர் பழைய மாணவர்: கடைசியாக ஒன்று. அந்த வாசலில் நின்றவர் திரும்பி உள்ளே வந்தாரா?

வந்தார். ஜான்ஸ்டன் ஓடியபோது மறுபடி வெளியே போனார். பஜ்ஜித் தட்டு இன்னும் அந்த கேரேஜில்தான் இருக்கிறதாம்.

சென்னை: ஃபைனல் நம்ம ஊர் நேரம் எப்போது?

2023 ஜனவரி 10, செவ்வாய் காலை 6 மணி. கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில், சோஃபை ஸ்டேடியம்.